அண்ணியின் பழைய எடை

அன்றைய எடை பதியப்படாத நோயாளியின் பக்கத்தைத் திறந்தால், மருத்துவமனைக் கணினித் திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழுந்து வழிமறிக்கும். எடையை இட்டால்தான் விலகும். அந்த ஏற்பாடு வந்தபின், எடையைப் பற்றிப் பேசாமல் மருத்துவர் எவரையும் அனுப்பியதில்லை.

எடை இயந்திரமோ காத்திருப்போர் கூடத்தின் நடுவே இருந்தது. உதவியாளர் ஒருத்தி எண்ணை உரக்கச் சொல்ல, மேசையில் இருக்கும் நர்ஸ் பதிவாள். நர்ஸின் அண்ணி முதன்முறை ஏறியபோது பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

அடுத்த முறை, ரத்த அழுத்த மாத்திரைக்கு வந்த அண்ணி நேரே மேசைக்கு வந்தாள்.

"என்னை ஏத்தி ஏலம் விடப் போறீங்களா? போன தடவை இருந்ததையே போட்டுடு, நர்ஸம்மா."

"டாக்டர் திட்டுவாங்க அண்ணி."

"உங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டுறேன். எனக்காக இதுகூடச் செய்யமாட்டியா?"

நர்ஸ் சிரித்துக்கொண்டே பழைய எண்ணை இட்டாள். பெட்டி விலகியது. பின்னர் அதுவே வழக்கமாயிற்று.

நாளடைவில் அண்ணியின் உடைகள் தொளதொளத்தன.

"இளைச்சு அழகாயிட்டீங்களே அண்ணி! என்ன ரகசியம்?" என்றாள் நர்ஸ்.

"ரகசியமாவது ஒண்ணாவது! பசிக்கலடி, அவ்வளவுதான்."

நர்ஸ் விடுப்பிலிருந்த ஒரு நாள், மாற்றாக வந்தவள் அண்ணியின் கெஞ்சலுக்கு மசியாமல் இயந்திரத்தில் ஏற்றினாள். உண்மையான எடை பதிந்ததும் மஞ்சள் பெட்டி எழுந்தது: எடை மிகவும் குறைந்துள்ளது, காரணம் கண்டறியவும். பழைய எண்ணே திரும்பத் திரும்ப இடப்பட்டதால், அதுவரை அது எழ வழியே இருக்கவில்லை.

சோதனைகளில் தெரிந்தது: வயிற்றில் புற்றுநோய்க் கட்டி. ஈரலுக்கும் பரவியிருந்தது.

"படிப்படியா குறைஞ்சிருக்கணுமே, எப்பவும் ஒரே எடை இருக்கே?" என்று மருத்துவர் கேட்டார். நர்ஸ் தலைகுனிந்து நடந்ததைச் சொன்னாள்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா அறுத்து எடுத்திருக்கலாம்." அதற்குமேல் மருத்துவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வார்டில் அண்ணி காத்திருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க? மழுப்பாதே."

"முன்னாடியே பார்த்திருந்தா எடுத்திருக்கலாமாம். நான்தான் அண்ணி..."

"வாயை மூடு. போடச் சொன்னது நான். இது உங்க அண்ணன் காதுல விழவே கூடாது. நாளைக்கு அவருக்குன்னு இருக்கப் போறது நீ ஒருத்திதான்."

துவைத்த போர்வையுடன் அண்ணன் உள்ளே வந்தார். அண்ணி கண்ணாலேயே அதட்டினாள்.

நர்ஸ் எழுந்தாள்.

"அண்ணா, கொஞ்சம் வெளியே வா."