ஒன்பது நாற்காலி

காத்மாண்டுவில் சீட்டாடப் போவதற்கு நான் ஒரு ஃபைல் போட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். முப்பத்தெட்டு வருஷம் மத்திய சர்க்காரில் குப்பை கொட்டியவனுக்கு ஃபைல் போடாமல் பல் தேய்க்கக்கூட வராது. இடது பக்கம் குறிப்பு, வலது பக்கம் கடிதங்கள். அட்டையின் மேல் ‘பொருள்: போக்கர் அறை தேர்வு, காத்மாண்டு, நவம்பர் 2003’ என்று எழுதி அடியில் கோடும் போட்டேன்.

போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான், அனந்தகிருஷ்ணன், செக்ஷன் ஆபீசர். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறேன், ஜனவரியோடு ரிட்டயர்மென்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் எல்லாரும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டார்கள். இன்னொருவர் ஜோதிலிங்கம், என் ஆபீசிலேயே இருந்து மார்ச்சில் ரிட்டயர் ஆன திருநெல்வேலிக்காரர். ஜனக்புரியில் மனைவி செல்வியோடும் மகள் மதுமதியோடும் இருக்கிறார். டிசம்பரில் ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கே போய்விடப் போகிறார். மகளுக்கு குர்காவுனில் வேலை. அவள் மட்டும் ஹாஸ்டலில் இருப்பாளாம்.

இருபத்திரண்டு வருஷம் நாங்கள் இருவரும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசுக்கு எதிரே புல்வெளியில் உட்கார்ந்து இருபத்தெட்டு ஆடினோம். டெல்லியில் எந்தச் சர்க்கார் ஆபீசின் புல்வெளியையும் மத்தியானம் போய்ப் பாருங்கள், பாதிப் பேர் கையில் சீட்டு இருக்கும். இருபத்தெட்டு ஜோடி சேர்ந்து ஆடுகிற ஆட்டம். ஜோடி எதிரெதிரே உட்கார வேண்டும். எனக்கு எதிரே ஜோதிலிங்கம், என் இடது பக்கம் சாவ்லா, வலது பக்கம் சின்ஹா. சாவ்லாவுக்கும் சின்ஹாவுக்கும் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. அதுதான் எங்கள் மூலதனம்.

“வீட்ல இன்னைக்கு என்னவே கறி?” என்பார் ஜோதிலிங்கம்.

“கத்தரிக்காய் ஓய், நிறைய இருக்கு” என்பேன் நான். கத்தரிக்காய் என்றால் ஸ்பேடு. வெண்டைக்காய் கிளாவர், தக்காளி ஆட்டின், முருங்கைக்காய் டைமன். சாவ்லா பாவம், இந்த மதராசிகளுக்கு எப்போதும் சாப்பாட்டு நினைப்புதான் என்று இந்தியில் சொல்லிவிட்டுத் தோற்பார். இதில் எனக்கு வெட்கம் எதுவும் கிடையாது. ஆபீசில் அவர் ஓட்டிய பொய்ப் பயணப்படி பில்களை எல்லாம் நான்தான் பார்த்திருக்கிறேனே.

அதற்கு முன்னால் நான் ரெக்கார்டு அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறவன். எண்பத்தொன்றில் ஒரு நாள் ஜோதிலிங்கம் வாசலில் வந்து நின்று, “ஒரு கை குறையுது, வாரீரா?” என்றார். புதிதாக மாற்றலாகி வந்த ஆள், பேர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. டிபன் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனேன்.

காத்மாண்டு ஆசை எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. யாரோ போய்வந்து அளந்தார்கள். அங்கே கேசினோவில் தரையெல்லாம் கம்பளம், பச்சைத் துணி விரித்த மேசை, உட்கார்ந்த இடத்துக்கே டீ. ரிட்டயர் ஆன பிறகு ஒரு தடவை நாம் இரண்டு பேரும் நிஜமான மேசையில் ஆடிவிட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். “போவோம்வே” என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். மார்ச்சில் அவர் போன பிறகு சாவ்லாவும் சின்ஹாவும் ரம்மி ஆடுகிற இன்னொரு வட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டார்கள். நான் மறுபடி ரெக்கார்டு அறைக்கே போய்விட்டேன். சுவருக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

டிசம்பரில் அவர் டெல்லியை விட்டே போகிறார் என்று தெரிந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்னும் ஒரே ஒரு தடவை அந்த மனிதர் எனக்கு எதிரே சீட்டோடு உட்கார வேண்டும். அது நடந்தால் போதும் என்றிருந்தது. அதற்காகத்தான் ஃபைல்.

மதுமதி ஆபீஸ் இன்டர்நெட்டில் தேடி மூன்று கேசினோக்களின் விவரங்களை அச்செடுத்துக் கொடுத்தாள். எங்கே பார்த்தாலும் போக்கர், போக்கர் என்றே இருந்தது. இருபத்தெட்டு எங்கும் இல்லை. சரி, சீட்டு சீட்டுதானே, போய்க் கற்றுக்கொண்டால் ஆயிற்று என்று விட்டுவிட்டேன். நாற்காலி வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பது சர்க்கார் விதி. மூன்று அறைகளுக்கும் அ, ஆ, இ என்று பேர் வைத்து ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். சைவச் சாப்பாடு உண்டா, புகை தனியறையிலா, எத்தனை மணிக்குத் திறப்பார்கள், ஜோடிகள் எதிரெதிரே உட்கார வசதி உண்டா.

அங்கேதான் இடித்தது. அ அறையில் ஒரு மேசைக்கு ஒன்பது நாற்காலி என்று போட்டிருந்தது. ஒன்பது பேர் எப்படி ஜோடி சேருவது? ‘அச்சுப் பிழை, எட்டு அல்லது பத்து என்றிருக்க வேண்டும்’ என்று குறிப்பு எழுதினேன். ஆ அறையிலும் ஒன்பது. ‘ஒரே இடத்தில் அச்சடித்திருப்பார்கள்’ என்று எழுதினேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை காலை செக்டர் மார்க்கெட் பூத்திலிருந்து அ அறைக்கு ஐ.எஸ்.டி. போட்டேன்.

எடுத்தவர் நல்ல இந்தியில் பேசினார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒன்பது நாற்காலி என்றால் ஒரு ஆள் குறையுமே, மிச்சமிருக்கும் ஒருத்தர் யாரோடு ஆடுவார் என்று கேட்டேன்.

“ஜோடியா? போக்கரில் ஜோடியே கிடையாது சார். அவரவர் ஆட்டம் அவரவருக்கு” என்றார்.

“பக்கத்தில் இருக்கிற நண்பருக்கு எதிராகவும் ஆட வேண்டுமா?”

“எல்லாருக்கும் எதிராக. இன்னொன்று சார், ஆட்டம் நடக்கும்போது மேசையில் இங்கிலீஷ் அல்லது இந்தி மட்டும்தான். வேறு பாஷை பேசினால் எழுப்பிவிடுவோம்.”

பூத்தை விட்டு வெளியே வந்து கீரைக்காரனின் வண்டி பக்கத்தில் நின்றேன். மூன்று மாதம் உட்கார்ந்து போட்ட பட்டியல். ஆட்டம் இன்னதென்று தெரியாமல் அதற்கு அறை தேடியிருக்கிறேன். சீட்டாட்டம் என்றால் எதிரே ஒருவர் நமக்காக இருப்பார் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆட்டம் தெரியாது. என் கீழே வேலை பார்க்கும் கிளார்க் இப்படி ஒரு தப்பு செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

ஆ அறையிலும் அதே பதில். இ அறை சின்னது. அதை நடத்துகிறவரே போனை எடுத்தார். நான் மத்தியானத்தில் வந்தால் கூட்டம் இருக்குமா என்று கேட்டேன். மத்தியானம் ஈ காக்கை இருக்காது, நீங்கள் இரண்டே பேர் வந்தாலும் உங்களுக்கென்று ஒரு மேசை திறந்துவிடுகிறேன், எதிரெதிரே உட்கார்ந்து ஆடலாம் என்றார். என்ன பாஷை வேண்டுமானாலும் பேசலாமா? “இரண்டே பேர்தானே சார், சீனத்தில் பேசுங்கள், எனக்கென்ன.”

‘இ அறை பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜோடியாக இல்லை, எதிராளியாகத்தான். ஆனாலும் எதிரே இருப்பார் அல்லவா? ஜோடி கிடையாது என்ற விஷயத்தை மட்டும் அவரிடம் இப்போதைக்குச் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன். கனாட் பிளேஸில் ஒரு ஏஜென்டிடம் இரண்டு விமான டிக்கெட் வாங்கினேன். ஆபீசுக்குக் கொடுத்த லீவ் விண்ணப்பத்தில் பசுபதிநாதர் தரிசனம் என்று எழுதினேன். அதைக் கேட்டுவிட்டு மலை மந்திர் முருகன் கோயிலில் இரண்டு மாமிகள் ருத்ராட்சம் வாங்கிவரச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபைலையும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஜனக்புரி போனேன். வீட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. ஜோதிலிங்கம் பனியனோடு கயிறு கட்டிக்கொண்டிருந்தார். செல்வி, “வாங்க அண்ணாச்சி” என்று பெட்டிகளை நகர்த்தி நாற்காலி போட்டாள்.

டிக்கெட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நாலு வருஷம் முன்ன காத்மாண்டுலேருந்து வந்த ஏரோப்பிளேனக் கடத்துனானுவள்லா, அதுலேருந்து இவளுக்கு பயம்வே” என்றார்.

“எனக்கென்ன பயம்? போயிட்டு வாங்களேன்” என்றாள் செல்வி.

“குளிருமே. எனக்கு மூச்சு வேற இழுக்கு.”

“டெல்லில இருபத்திரண்டு வருஷம் குளிரலையா ஓய்? மூணே நாள்தான். எல்லாம் விசாரிச்சுட்டேன். தனி மேசை, எதிரெதிர்ல உக்காரலாம், தமிழ்லயே பேசிக்கலாம். பாரும்” என்று ஃபைலைப் பிரித்தேன்.

அவர் ஃபைலைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதுமதி குளித்துவிட்டு உள்ளேயிருந்து காதைத் துடைத்துக்கொண்டே வந்தாள். டெல்லியில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு மறைத்துப் பேசத் தெரியாது.

“அங்கிள், அப்பாவ ஏன் போர்ஸ் பண்றீங்க? அப்பாக்கு தாஷ், சீட்டாட்டம், பிடிக்கவே பிடிக்காது. கபி நஹி. வீட்ல ஒரு கார்டு தொட்டதில்ல. உங்களுக்கு தெரியாதா?”

“ஏட்டி, சும்மா இரு” என்றார் ஜோதிலிங்கம்.

“சச் தானே, உண்மைதானே பேசறேன்” என்று அவள் போய்விட்டாள். செல்வியும் அடுப்பைப் பார்க்கப் போனாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் பெட்டிகளுக்கு நடுவே இருந்தோம்.

“நெசமா?” என்றேன்.

அவர் கயிற்றைக் கீழே போட்டார். “கோவப்படாதீரும். நீரு அந்த இருட்டறையில சுவத்தப் பாத்துச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீரு. வந்த ரெண்டாம் நாளே பாத்துட்டேன். பாக்க முடியல எனக்கு. சும்மா வாரும்னா வர மாட்டீரு, உம்ம மொகம் அப்படி. ஊர்ல எங்க மாமா ஆடுத ஆட்டம் அது. அவருக்கு லெட்டர் போட்டுக் கேட்டு, ஒரு வாரம் படிச்சு, சாவ்லாவுக்கும் சின்ஹாவுக்கும் சொல்லிக்குடுத்து, அதுக்கப்புறந்தான் உம்மகிட்ட வந்தேன், ஒரு கை குறையுதுன்னு. ஒரு மாசம் ஆடுவோம், அப்புறம் நீரே மத்தவங்களோட பழகிக்கிடுவீருன்னு நெனச்சேன். நீரு வேற யார்கிட்டயும் போகல.”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஒரு மனிதர் என்மேல் இரக்கப்பட்டு மத்தியானத் தூக்கத்தை விட்டிருக்கிறார். நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. எனக்குத் தெரியும். ஆனால் நன்றி வரவில்லை, ரோஷம்தான் வந்தது.

“நல்ல கூத்து” என்றேன். “எனக்கும் சீட்டு பிடிக்காது ஓய்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நீர் பொண்டாட்டியை ஊர்ல விட்டுட்டு வந்திருந்தீர். பாவம், மனுஷனுக்குப் பொழுது போகலை, ஆட ஆள் தேடறார், மாட்டேன்னா மனசு கஷ்டப்படுமேன்னு வந்தேன். அன்னிலேருந்து உமக்காகத்தான் ஆடிண்டிருந்தேன்.”

“அப்ப இந்தக் காத்மாண்டு?”

“நீர்தானே போவோம் போவோம்னு சொல்லிண்டிருந்தீர். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உம்ம ஆசையை நிறைவேத்தலாம்னு பார்த்தேன். எனக்கென்ன தலையெழுத்தா அந்தக் குளிர்ல போய் உக்காரணும்னு?”

ஜோதிலிங்கம் என் முகத்தையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு இழுக்கிற அளவுக்குச் சிரித்தார். “ஏ செல்வி, இங்க வா, கேட்டியா கதய” என்று கூப்பிட்டு அவளிடம் முழுக்கச் சொன்னார். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

“ரெண்டு கிறுக்கனுவ! வருஷம் இருபத்திரண்டு!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்து, “நெஞ்சுலேருந்து ஒரு பாரம் எறங்குனாப்புல இருக்குவே. உம்ம விட்டுட்டுப் போறமே, மத்தியானத்துக்கு என்ன பண்ணுவாரோன்னு ராத்திரியெல்லாம் நெனப்பு. இனிமே நிம்மதியாப் போவேன்” என்றார்.

“நிம்மதியாப் போம். டிக்கெட்டை நாளைக்கே கேன்சல் பண்ணிடறேன்” என்றேன்.

செல்வி இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். நான்கு சாப்பிட்டேன். அவர் பஸ் ஸ்டாப் வரை வந்து, பஸ் கிளம்பும்வரை சிரித்தபடியே நின்றார். அவ்வளவு லேசாக அவரை நான் பார்த்ததே இல்லை.

பங்கா ரோட்டில் பஸ் நகரவே இல்லை. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி நான் தனியாகக்கூடப் போக முடியாது. போனால் அவருக்குத் தெரிந்துவிடும்.

எனக்குச் சீட்டு பிடிக்கும். ஒரு மணி ஆவதற்குள் மேசையைப் பூட்டிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படி வழியே இறங்குவேன். சனி ஞாயிறு எனக்கு ஆகாது. ஹோலி, தீபாவளி லீவெல்லாம் எப்போது முடியும் என்று இருக்கும். எதிரே ஒருவர் உட்கார்ந்து உங்கள் வீட்டில் என்ன கறி என்று கேட்கிற அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் மீதி நாளை ஓட்டினேன். இதையெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கு இந்த ஊரில் இருந்த ஒரே ஆள் ஜோதிலிங்கம். அவரிடம்தான் இல்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன்.