அஜ்வாங் விதைக்காத நிலம்

1
இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து வந்தது. நான் மூலையில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இதில் வரும் அவினோ என் அம்மா; அஜ்வாங், செத்துப்போன என் பெரியப்பாவின் மனைவி. அம்மா என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. பெயரையே எழுதுகிறேன்.

2
மழை தொடங்கிப் பத்து நாள். ஈர மண்ணின் வாசனை காற்றில்... (வேண்டாம். மண்ணைப் பற்றி அப்புறம்.)

எங்கள் ஊர் வழக்கப்படி மூத்த மருமகள் அஜ்வாங் விதைக்காமல் இளையவள் அவினோ விதைக்கக் கூடாது. அஜ்வாங்கோ விதவை. செத்த கணவனின் கடைசித் தம்பி ஒபுயாவைத் துணையாக ஏற்காமல் அவளும் விதைக்கக் கூடாது. அவள் வயதுக்குச் சேர்ந்து வாழ வேண்டியதில்லை, அவர் தன் மேல்கோட்டை அவள் வீட்டு ஆணியில் மாட்டினாலே ஏற்றதாகிவிடும் என்றார்கள் பெரியவர்கள்.

"வெறும் கோட்டுதானே, அக்கா! மாட்டிட்டுப் போகட்டும். மூணு பிள்ளைக்கு நான் எங்கே போவேன்?"

"இன்னைக்குக் கோட்டு. நாளைக்கு மீன் குழம்பு கேப்பான்."

"நான் மீனே கேக்கலையே, அண்ணி," என்றார் அஜ்வாங் வீட்டு வாசலில் நின்ற ஒபுயா.

"கேக்கத்தான் போறே. அந்த ஆணியில அவரு தொப்பி இருக்கு."

"வேற ஆணி அடிச்சுக்கலாம், அக்கா."

"சுவரே அவரு கட்டினதுடி."

3
ஒபுயாவைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. கோட்டு நனையாமல் மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, தான் நனைந்தபடி போனார். (கெட்டவராக இருந்திருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும்.)

4
முடிவு ஒன்று: அஜ்வாங் இணங்கினாள். அன்று முதல் அவள்... (கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அவினோ முந்திக்கொண்டு விதைக்கிறாள். இளையவள் முந்தினால் மூத்தவள் நோயில் விழுவாள் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் எழுதத் துணிச்சல் வரவில்லை.

5
நடந்தது இது. மறுநாள் விடியலில் அஜ்வாங் தன் விதைக்கூடையோடு எங்கள் நிலத்துக்கு வந்தாள்.

"நீயே முதல்ல போடு. நோய் வந்தா எனக்குத்தானே வரும்? நான் பாத்துக்கிறேன்."

"உன்னைச் சாகவிட்டு என் பிள்ளைங்க களி திங்கணுமா?"

"எனக்கும் அதுங்க பிள்ளைங்கதான்டி. குழி தோண்டு."

அவினோ அழுதுகொண்டே தோண்டினாள். ஆளுக்கு ஒரு பிடி விதை. குனிந்தார்கள்.

6
யார் கை முதலில் திறந்தது என்று பார்த்தவள் நான் ஒருத்திதான். இந்த நோட்டு என்றைக்காவது பெரியவர்கள் கையில் சிக்கலாம், அதனால் அதை எழுதவில்லை. முதலில் திறந்தது அஜ்வாங் கை என்று நீங்கள் சொன்னாலும் தலையாட்டுவேன். அவினோ கை என்றாலும் தலையாட்டுவேன்.