படகுச் சங்கு

கையில் எடுத்த மண்ணைக் குழிக்குள் போடாமல் தோம்னா அப்படியே நின்றாள். கீழே இறக்கிய பெட்டி கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. புகை குழிக்குள்ளும் இறங்கியிருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்ததால் யார் அழுகிறார்கள், யார் இருமுகிறார்கள் என்றே பிரித்தறிய முடியவில்லை.

“போடும்மா. அடிமண்ணுல உறைஞ்சிருக்கிற பனி உருகித் தண்ணி ஊறுது பாரு,” என்றாள் மத்ரியோனா. தோம்னாவின் புருஷன், செத்துப்போன கவ்ரீலின் அக்கா அவள். காரியங்களையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

தோம்னா மண்ணைப் போட்டாள். பெட்டியில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

சைபீரியாவின் யாகுத்ஸ்க் நகரைச் சுற்றிக் காடு எரியத் தொடங்கியதிலிருந்து அந்தக் கோடை கோடையாகவே இல்லை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் குளிரில் விறைத்துக் கிடக்கிற ஊர். கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் புகை தின்றுவிட்டது. நடுப்பகலில் சூரியன் சுட்ட செங்கல் மாதிரி தொங்கும். ஜன்னலைத் திறந்தால் புகை, சாத்தினால் வேக்காடு. மனுஷன் எங்கே போவான்?

லேனா ஆற்றில் லாரிகளையும் ஜனங்களையும் அக்கரை சேர்க்கும் பெரிய படகை ஓட்டியவன் கவ்ரீல். புகையில் கரை தெரியாததால் படகு துறையிலேயே நின்றது. கோடை முழுக்கச் சுக்கானைப் பிடித்து நின்றே பழகியவன் இப்போது அறை ஜன்னலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்த நெஞ்சு. அவன் ஓயாமல் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஜன்னலின் மேல்மூலையில் இருக்கிற அந்தச் சின்னக் கதவைத் திறக்க வேண்டும்.

அவன் திறப்பான், இவள் வந்து சாத்துவாள். இவள் அந்தப் பக்கம் போனதும் மறுபடி திறப்பான்.

“புகையை விருந்துக்குக் கூப்பிடுறியாய்யா? டாக்டர் என்ன சொன்னாங்க, காதுல விழலையா?”

“கொஞ்ச நேரம் தோம்னா. காலைல மட்டும்.”

“காலைல வர்ற புகைக்கு என்ன, கொம்பா முளைச்சிருக்கு? அதுவும் புகைதான்.”

கடைசி நாள் காலையில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. குளிர்காலத்துக்கு ஜன்னல் இடுக்குகளில் ஒட்டுகிற அகல நாடாவை அலமாரியிலிருந்து எடுத்துவந்து அந்தச் சின்னக் கதவைச் சுற்றி அழுத்தி ஒட்டிவிட்டாள். கவ்ரீல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஜூலையிலேயே குளிர்காலம் வந்துருச்சு போல,” என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சிரிக்கவில்லை. சிரித்தால் இடம் கொடுத்தமாதிரி ஆகிவிடும் என்று அடுப்படிக்குப் போனாள். வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டு அப்பம் சுட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவன் ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிச் சாய்ந்திருந்தான். தூங்குகிறான் என்றுதான் நினைத்தாள்.

வந்த டாக்டர் பெண் சின்ன வயசு. அன்றைக்கு எத்தனை வீடு ஏறி இறங்கினாளோ, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தோம்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“கதவைத் திறந்து விட்டிருந்தா?”

“திறந்திருந்தா இன்னும் புகைதாம்மா வந்திருக்கும். நீங்க செஞ்சது சரிதான்.”

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தோம்னா இன்றைக்கு வரை நடமாடினாள். சவப்பெட்டிக்குச் சொன்னது, வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றியது எல்லாம் அந்த வார்த்தையின் தெம்பில்தான்.

இடுகாட்டிலிருந்து திரும்பும் வேனில் ஸ்பிரிதோன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கவ்ரீலோடு ஒரே படகில் கிழடானவன். தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான்.

“தங்கச்சி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கண்ணே.”

“தினமும் எனக்குப் போன் பண்ணுவான். ‘படகை எடுத்துட்டீங்களா? சங்கு கேக்கலையே’ன்னு. எடுத்தா நானே போன் போடுறேன்டான்னு சொன்னா, ‘நீ போடாத. சங்கு கேட்டா நானே எந்திரிச்சு வந்துருவேன்’னுவான். ஜன்னல்ல ஒரு சின்னக் கதவு இருக்காம், அதைத் திறந்தா துறைமுகச் சத்தம் அப்படியே கேக்குமாம்.”

தோம்னா அவன் முகத்தையே பார்த்தாள்.

“அவன் போன அன்னைக்குக் காலைல காத்து திரும்பி, புகை கொஞ்சம் விலகுச்சு,” என்றான் ஸ்பிரிதோன். “ஒரு நடை போய்ட்டு வந்தோம். கிளம்பறப்ப அவனுக்காகவே சங்கை இழுத்துப் பிடிச்சு ஊதினேன். நம்ம பய இப்ப குதிச்சுக்கிட்டு வருவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரலை. பொறவு போன்தான் வந்துச்சு.” தொப்பி உருட்டுவதை நிறுத்தினான். “கேட்டுச்சா அவனுக்கு?”

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வானொலி, அப்பம் பொரிகிற சத்தம், சுற்றிலும் ஒட்டிய நாடா. கண்ணாடியில் சாய்ந்திருந்த தலை. கன்னம் இல்லை, காது. பாவி மனுஷன் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சொன்னால் மட்டும் இவள் கேட்டிருப்பாளா?

“கேட்டுச்சுண்ணே,” என்றாள். “சிரிச்சாரு.”

“அப்படியா!” ஸ்பிரிதோன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். “அது போதும் தங்கச்சி. அது போதும். நாளைக்குக் காத்து திரும்பினா படகை எடுப்போம். அவனுக்காக ஒரு தடவ ஊதுறேன், கேளு.”

வீட்டு வாசலில் மத்ரியோனா இரும்புச் சட்டியில் தீ மூட்டிக்கொண்டிருந்தாள். இடி விழுந்த மரத்தின் சிராய்களைத் துணியில் முடிந்து ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தாள். வெண்மையாகப் புகை எழுந்ததுதான் தாமதம், இரண்டாம் மாடியிலிருந்து ஒருத்தன் தலையை நீட்டினான்.

“ஏம்மா, ஊரே புகையில வேகுது, நீ வேற மூட்டுறியா?”

“இது வேற புகைடா! உன் ஜன்னலைச் சாத்திக்கிட்டு உள்ள போ!” என்று கத்தினாள் மத்ரியோனா. பிறகு குரலை இறக்கினாள். “வாம்மா தோம்னா. கை, தோள் எல்லாம் புகையில காட்டிட்டு உள்ள போ. நம்ம பின்னாடியே வந்து அவன் வீட்டுக்குள்ள உக்காந்துக்கக் கூடாது.”

தோம்னா நகரவில்லை. “அவரு புகையிலதான் செத்தாரு அண்ணி.”

மத்ரியோனா கையில் இருந்த சிராயைத் தீயில் போட்டாள்.

“தெரியும்டி. என் தம்பிடி அவன். எனக்கு மட்டும் அவனை வெரட்ட ஆசையா? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

அதற்கு மேல் அவளோடு சண்டை போட தோம்னாவுக்கு மனசு வரவில்லை. மகன் எர்ச்சிம் கையைப் பிடித்துக்கொள்ள, புகைக்குள் புகுந்து வெளியே வந்தாள். கையைக் காட்டினாள், தோளைக் காட்டினாள். சொன்னதையெல்லாம் செய்தாள்.

மாடிக்குப் போனதும் செருப்பைக் கூடக் கழற்றாமல் நேரே ஜன்னலுக்குப் போனாள். முக்காலியில் ஏறி நாடாவை நகத்தால் கிளப்பி இழுத்தாள். சட்டத்தின் வெள்ளைச் சாயமும் சேர்ந்து உரிந்து வந்தது. சின்னக் கதவைத் திறந்தாள்.

பின்னால் வந்த எர்ச்சிம் பதறிப்போனான். “அம்மா! என்னம்மா பண்றீங்க? புகை உள்ள வருதும்மா!”

“வரட்டும்.”

“அத்தை கீழ இப்பத்தானே மூட்டினாங்க, அப்பா உள்ள வரக் கூடாதுன்னு…”

“வரட்டும்டா.”

உறவுக்காரர்கள் படியேறி வரும் பேச்சுச் சத்தம் கேட்டது. அடுப்படியில் யாரோ வானொலியைப் போட்டிருந்தார்கள். நாளைக்கு எந்தப் பக்கம் காற்று வீசும் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். தோம்னா முக்காலியை விட்டு இறங்கிப் போய் அதை நிறுத்தினாள்.