நாற்பத்திரண்டு ரூபாய் நட்டம்

கொட்டாஞ்சேனை முழுக்க வலைபோட்டுத் தேடினாலும் நோபேட்டைப் போல ஒரு கணக்கு மனிதனைப் பிடிக்க முடியாது. கொள்ளுப்பிட்டியில் ஒரு தளபாடக் கடையில் கணக்கெழுதுகிறவன். ஃபாதர் பிரசங்கம் வைக்கும்போதுகூட, எரிகிற மெழுகுதிரி எத்தனை, அதில் கோயிலுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று விரல் மடித்துக்கொண்டிருப்பான். அப்படிப்பட்டவனிடம் போய், "பிள்ளைக்கு ஒன்பது மாசமாச்சு, நான் திரும்ப வேலைக்குப் போகட்டோ?" என்று கேட்டது மனைவி செலீனின் பிழைதான்.

செலீன் கோட்டையில் ஒரு பெரிய ஹோட்டலில் டெலிபோன் ஒப்பரேற்றர். மகள் பிறிஜெற் பிறந்ததிலிருந்து லீவு. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று ஹோட்டலில் சொல்லியனுப்பிவிட்டார்கள். அவளோ பால்போத்தல் கழுவும்போதே "குட் மோர்னிங், மே ஐ ஹெல்ப் யூ" என்று போத்தலிடம் கேட்கிற நிலைக்கு வந்திருந்தாள்.

பிள்ளை பார்க்க ஜம்பட்டா வீதியில் டோரின் அன்ரி இருந்தாள். ஒற்றை அறை, பதினொரு குழந்தைகள், பார்லிமென்ட் மாதிரி சத்தம். சாதாரணப் பிள்ளைக்கு ஒரு விலை, அழுகிற பிள்ளைக்கு இன்னொன்று, கடிக்கிற பிள்ளை என்றால் கடிபடப்போகிற பிள்ளையின் மருந்துக்கும் சேர்த்து. தொண்ணூற்றாறாம் ஆண்டு. எங்கேயாவது குண்டு வெடித்து, றோட்டை மூடி, தாய் வரப் பிந்தினால் அதற்கு ஓவர்டைம் வேறு.

"குண்டு வைக்கிறவன் என்னைக் கேட்டே வைக்கிறான், அன்ரி?" என்றாள் செலீன்.

"என்னைக் கேட்டும் வைக்கேல்ல, மகள்."

சனிக்கிழமை நோபேட் கடுதாசியோடு குந்தினான். செலீனின் சம்பளத்தில் டோரினின் காசைக் கழித்தான். பஸ் காசைக் கழித்தான். செருப்புத் தேய்மானம், குடை, லிப்ஸ்டிக், நேரமில்லாததால் வெட்டி வாங்கவேண்டிய மீனின் வெட்டுக்கூலி எல்லாம் கழிந்தது. கடைசியில், அவள் களைத்து வந்து சண்டை பிடித்தால் தனக்கு வரப்போகிற தலையிடிக்கு மாதம் இரண்டு அட்டை பனடோலையும் கழித்தான்.

"நாப்பத்திரண்டு ரூபா நட்டம்," என்றான், பாவசங்கீர்த்தனம் கேட்ட ஃபாதர் மாதிரி. "நீர் வீட்டில நிண்டா அது எங்களுக்கு லாபம்."

அந்த நாற்பத்திரண்டு ரூபாய் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒழுங்கையில் வீடுவீடாக நடந்து, வத்தளைவரை போய்த் திரும்பி வந்தது. பாண் வாங்கப் போன செலீனை மூலைக்கடை பௌஸி நானா நிறுத்தினார். "என்ன தங்கச்சி, சும்மா ஈந்தா மாசம் நாப்பத்திரண்டு ரூவாயாமே? எங்கட ஊட்டுல ஒராள் பன்னண்டு வருசமா ஈக்கிறா. நான் ஒரு சல்லி கண்டதில்ல."

செலீன் சிரிக்கவில்லை. ஹோட்டலுக்குத் திருப்பிக் கொடுக்கவென்று ஆபீஸ் அடையாள அட்டையை எடுத்துக் கைப்பையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய ஒழுங்கையின் இரண்டு பக்கமும் ஆமி. ரவுண்டப். அடையாள அட்டையோடு எல்லாரும் வெளியே. ஆம்பிளைகளின் வரிசை நீர்கொழும்பைத் தொடும்போல நீண்டது. நோபேட்டின் அட்டையில் பிறந்த இடம் மன்னார், சண்டை நடக்கிற வடக்கு. அதைப் பார்த்ததும் அவனைத் தனியே, ட்றக்குக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். வேலை செய்கிற இடத்து அட்டையைக் கேட்டார்கள். அது இல்லை. கடை ஆட்களுக்கு அட்டை அடிப்பது வீண்செலவு என்று முதலாளிக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவனே நோபேட்தான்.

செலீன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே ஒஃபிசரிடம் போனாள். குரல் ஒப்பரேற்றருடையது. ஹோட்டல் அட்டையை நீட்டினாள். தங்க முத்திரை, கலர்ப் படம், பளபளக்கிற பிளாஸ்டிக். அதைப் பார்த்த ஒஃபிசர் தொப்பியைச் சரிசெய்தான் என்றால் பாருங்கள்.

அங்கே வேலையா என்று சிங்களத்தில் கேட்டான்.

"ஓம் சேர், நாளைக்கும் போகவேணும்," என்று சிங்களத்திலேயே சொன்னாள். வீட்டில் சொல்லாததை ஆமிக்காரனிடம் சொல்லிவிட்டாள்.

"அந்த ஆள்?"

"மகே மஹத்தயா." என்ர புருசன்.

நோபேட்டை விட்டுவிட்டார்கள்.

வீட்டில் மூன்று கோப்பை பிளேன்டீ குடித்தான். கடுதாசியை எடுத்தான். "செலீன், அந்த அட்டையை நான் கணக்கில சேர்க்கேல்ல. என்னை உள்ள போட்டிருந்தா லோயருக்கு எவ்வளவு, சாப்பாட்டுப் பார்சலுக்கு எவ்வளவு... நீர் கட்டாயம் வேலைக்குப் போகவேணும்."

செலீன் பென்சிலைப் பறித்தாள். "டோரின் அன்ரின்ர காசை ஏன் என்ர சம்பளத்தில கழிச்சனீங்கள்?"

"நீர்தானே வேலைக்குப் போறீர்."

"நீங்கள் போறேல்லையோ? பிள்ளை எனக்கு மட்டுமே பிறந்தது?"

அவன் சம்பளத்தில் டோரினைக் கழித்தாள். பஸ், சிகரெட், வெள்ளிக்கிழமைச் சாராயம், சனிக்கிழமைக் குதிரைப் பந்தயம். "இஞ்சேருங்கோ, முந்நூற்றுப் பத்து ரூபா நட்டம். நீங்கள் வீட்டில நிண்டா எங்களுக்கு லாபம்."

நோபேட் திருப்பிக் கூட்டிப் பார்த்தான். இரண்டுமுறை. கணக்குச் சரி.

திங்கட்கிழமை காலை அவனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டோரினிடம் வந்தான். சேலைக்கு ஊசி குத்தியபடி செலீன் பின்னால் வந்தாள்.

"ஆர் காசு தாறது?" என்றாள் டோரின்.

"நான்தான்."

"தகப்பன்மார் எண்டா விலை குறைக்கச் சொல்லிக் கேப்பினம். அந்தக் கரைச்சலுக்கும் சேர்த்துத்தான் நான் போடுறது."

நோபேட் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துப் பிறிஜெற் பக்கத்துக் குழந்தையின் காதைக் கவ்வினாள். செலீன் பஸ்ஸுக்கு ஓடினாள்.