மிண்டாத பாதி

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆய்வுக்கூடத்தில் என் காதில் விழுந்த ஒரே ஒரு சொல்லிலிருந்து பிறந்தது இந்தக் கதை. "சேச்சி, இதில் அச்சன் மிண்டுந்நில்ல" என்றான் ஆய்வு மாணவன் அனூப், திரையைப் பார்த்தபடி. அப்பா பேசவில்லையாம். (மிண்டுவது என்றால் பேசுவது. திருவனந்தபுரத்துத் தமிழர் வாயில் அது மலையாளமென்று யாரும் நினைப்பதில்லை.)

முதல் வரி இப்படி இருந்தது: திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு

வேண்டாம். எல்லாக் கதையிலும்தான் மழை பெய்கிறது.

2
அனூப் 'சேச்சி', அதாவது அக்கா, என்றது உடன் வேலைபார்க்கும் ஸ்நேகாவை. செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, டிஎன்ஏ மேல் எங்கெங்கே ரசாயனக் குறி ஒட்டியிருக்கிறது என்று அளப்பவள். எந்த மரபணு பேசலாம், எது வாயை மூடவேண்டும் என்பதில் அந்தக் குறிக்குப் பெரிய பங்கு. பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்: அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. கருவிலேயே ஒவ்வொரு செல்லும் ஒன்றை வாயடைத்துவிடுகிறது. எல்லாவற்றையும் சேர்த்து அளந்தால் 'பாதிப் பாதி' என்றுதான் வரும். சட்னியாக அரைத்தபின் தேங்காய் எது, இஞ்சி எது? தனித்தனியே அளந்தாலோ...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.)

3
சோதனைக்குத் தன் ரத்தத்தையே எடுத்தாள். எந்த எக்ஸ் அப்பாவுடையது என்று பிரித்தறிய அவர் ரத்தமும் வேண்டியிருந்தது. அப்பா பஞ்சாபகேசன் வீட்டைவிட்டுப் போய், ஊர்க்கோடியில் கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு பிளாட்டில் இருக்கிறார். அம்மா வாலாம்பாள் அன்றே சொல்லியிருந்தாள்: "அவரோட மிண்டினா பின்னே எங்கிட்ட மிண்டாதே, கேட்டியா!"

அவள் சொன்னால் சொன்னதுதான். ஸ்நேகா சொல்லாமல் போனாள். அவர் சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

"எடுத்துக்கோ. அம்மாட்ட சொல்லிடாதே."

4
திரையில் ஒரு செல்லில் அம்மா பேசுகிறாள், அப்பா வாயடைத்திருக்கிறார். அடுத்ததில் நேர்மாறு. ஒன்றில்கூட இருவரும் சேர்ந்து பேசவில்லை. ஆனாலும் இதோ, ஸ்நேகா முழுசாக உட்கார்ந்திருக்கிறாள்! அவளுக்கு அழுகை வந்தது. எழுதும்போது எனக்கும்.

(மற்ற குரோமோசோம்களில் பெரும்பாலும் இருவரும் பேசுகிறார்கள். சொன்னால் கதை கெட்டுவிடும். சொல்லிவிட்டேன்.)

5
அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வாலாம்பாள் அழுதாள் என்று எழுதினேன், அடித்தேன். கத்தினாள் என்று எழுதினேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவள் கேட்டது இதுதான்:

"நான் வாயடைச்சுக் கிடக்கற செல்லுல... அவர் என்னடி சொல்றார்?"

பதில் பிசகினால் அம்மா இனி ஸ்நேகாவிடம் வாயே திறக்கமாட்டாள். கரண்டியோடு நின்றுகொண்டிருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.