நெஞ்சுப் பட்டைச் சிலுவை

என் கணவர் ரஜீவன் இறந்து ஐந்தாம் வாரம் அவருடைய பெட்டி கனடாவின் வடகோடியிலிருந்து வந்தது. அங்கே இனுவிட் மக்களின் பனிக் கிராமமொன்றில், ஒரு விடுதிக் குசினியில் ஆறு வருடம் வேலை செய்தார். உடுப்புகளுக்கு அடியில் சீல் என்ற கடல்விலங்கின் தோலில் செய்த வார்கள் கிடந்தன. சறுக்குவண்டி இழுக்கும் நாய்க்குப் பூட்டுவது. ஓரமெல்லாம் சிவப்புக் கம்பளிக் குஞ்சம். நெஞ்சுப் பட்டையில் வெள்ளை மணிகளால் கோத்த சிலுவை.

பக்கத்து வீட்டு ஷிஃபானா எட்டிப் பார்த்தாள். "நாய்க்கும் நகையா, லோஜினி அக்கா?"

நான் சிரிக்கவில்லை. எவளோ ஒருத்தி அவருக்குத் தைத்துக் கொடுத்தது என்று நினைத்தேன். பட்டையைத் திருப்பினேன். நூல் முடிந்த இடத்தில் இரட்டைச் சுருக்கு, நுனி நெருப்பில் சுட்டு உருட்டியிருந்தது. எங்கள் ஊர் சல்லிக் கடற்கரையில் கிழிந்த மீன்வலை பொத்தும்போது அவர் அப்படித்தான் முடிப்பார்.

ஒருத்தி தைத்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

கலியாணம் முடித்த பதினான்கு வருடத்தில் அவர் என்னோடு மாதா கோயிலுக்குள் வந்ததில்லை. பெரிய வெள்ளியன்றும் மதிலடியில் மோட்டார் சைக்கிளில் இருப்பார். நான் கெஞ்சினால், "முத்துமாரி பாத்துக்கொண்டிருக்கிறா. நீ போயிட்டு வா" என்பார். எனக்குச் செய்யாததை ஒரு நாய்க்குச் செய்திருக்கிறார்.

மறுநாள் எலிசபி என்ற பெண்ணிடமிருந்து கைபேசிக்குச் செய்தி வந்தது. வார் அவளுடையதாம், தவறிப் பெட்டிக்குள் போய்விட்டதாம். பாதிரிமார் வந்த காலம் முதல், முன்னால் ஓடும் நாயின் நெஞ்சில் சிலுவை தைப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். இம்முறை ரஜீவன் கேட்டு வாங்கித் தைத்தாராம். உயிர்த்த ஞாயிறன்று நடக்கும் நாய்வண்டி ஓட்டத்துக்கு அது வேண்டுமாம். ஞாயிறுகளில் கோயிலில் தன் பக்கத்தில் இருந்து பாடுவார் என்றும் எழுதியிருந்தாள்.

பாடுவாராம்.

வாரை அனுப்பலாம், சிலுவை எனக்கு என்று தீர்மானித்தேன். நாலு மூலைத் தையலையும் வெட்டினால் முழுதாகக் கழன்று வரும் என்ற எண்ணம். முதல் மூலையை வெட்டி மெல்ல இழுத்தேன். மணிகள் ஓடத் தொடங்கின. வலை பொத்துகிறவர் இடையில் நூலை அறுக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியாததா? முழுச் சிலுவையும் ஒரே நூல். கையால் பொத்திப் பிடித்தும் நிற்கவில்லை.

கதிரைக்கடியிலும் அலுமாரிக்கடியிலும் பொறுக்கினேன். வெறும் வாரைத் தபாலில் அனுப்பினேன்.

சிலுவை எங்கே என்று எலிசபி கேட்டாள். வழியில் கழன்றிருக்கும் என்று எழுதினேன். பிறகு, அவர் என்ன பாட்டுப் பாடுவார் என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.