மாப்பிள்ளைக்குப் பிடித்த கிழங்கு

ஐயாத்துரைக்கு உருளைக்கிழங்கு என்றால் உயிர் என்பது திருச்சுழியில் அவர் பெண்டாட்டி சுபத்ரா பிறந்த தெரு முழுக்கத் தெரியும். தெரியாதவர் ஐயாத்துரை ஒருவர்தான்.

எல்லாம் மறுவீட்டு விருந்தில் வந்த வினை. கல்யாணம் முடிந்து பெண் வீட்டுக்கு முதல்முறை சாப்பிட வரும் மாப்பிள்ளை இலையில் ஒரு பருக்கையைக்கூட மிச்சம் வைக்கக் கூடாது. வைத்தால் மாமியார்க்காரிக்கு முகம் சுண்டிவிடும், என்ன குறையோ ஏது குறையோ என்று கிடந்து மருகுவாள். ஐயாத்துரை உட்கார்ந்தார், இலையைப் பார்த்தார், ஓரத்தில் இருந்த உருளைக்கிழங்கு வறுவலை முதலில் தின்று தீர்த்துவிட்டு மற்றதற்கு வந்தார். பார்த்துக்கொண்டே நின்ற மாமியார் விடுவாளா? இன்னொரு கரண்டி வைத்தாள். அதையும் முதல் வேலையாக முடித்தார். இன்னொரு கரண்டி. அதுவும் போன இடம் தெரியவில்லை.

"ஆத்தாடி, மாப்பிள்ளைக்குக் கெழங்குன்னா உசுருடி!" என்று அவள் அடுப்படியில் போய்ச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் அது ஊர்ச் செய்தி. மகள் புருஷன் வீட்டுக்குப் புறப்பட்டபோது சீர்ப் பாத்திரங்களோடு அரைச் சாக்குக் கிழங்கும் பஸ் ஏறியது.

ஐயாத்துரைக்கு அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. வீடு பாளையம்பட்டியில். காலையில் டவுன் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவார். பிள்ளைகுட்டி இல்லை. சுபத்ராவின் மாமியார், ஐயாத்துரையைப் பெற்றவள், கல்யாணமான வருசமே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆகப் பகல் முழுக்க அந்த வீட்டில் சுபத்ராவும் அடுப்பும்தான். வெளியே வெயில் கரிசலைப் பாளம் பாளமாகப் பிளந்துகொண்டிருக்கும். உள்ளே இலங்கை வானொலியில் யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெயர்களை எல்லாம் அவள் கவனமாகக் கேட்பாள், தெரிந்தவர்கள் மாதிரி.

சும்மா சொல்லக் கூடாது, கிழங்கில் அவளுக்குக் கைப்பக்குவம் அப்படிக் கூடியிருந்தது. ஒரு நாள் தேங்காய்ப்பூத் தூவிய பொடிமாஸ். ஒரு நாள் சின்ன வெங்காயத்தோடு காரக் குழம்பு. வெள்ளிக்கிழமை என்றால் பூண்டு சேர்க்காமல், மிளகும் சீரகமும் நுணுக்கிப் போட்ட பிரட்டல். மற்ற நாளெல்லாம் பேர்போன அந்த வறுவல். நம் மண்ணில் விளையாத பண்டம், மலையிலிருந்து லாரி ஏறி வருவது. சந்தையில் அழுத்திப் பார்த்து, பச்சை ஓடாததாக, முளை விடாததாகப் பொறுக்கி வந்து, கட்டிலுக்கு அடியில் மணல் பரப்பி ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி வைப்பாள். பெற்ற பிள்ளையைக்கூட அவ்வளவு பதனமாகப் படுக்க வைப்பார்களோ என்னவோ.

உச்சி வேளையில் இருளாண்டி சைக்கிளில் வருவான். கடையில் மூட்டை தூக்குகிறவன். டிபன் கேரியரை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, "வாரேன்க்கா" என்று போய்விடுவான். சாயங்காலம் ஐயாத்துரையோடு கேரியர் திரும்பி வரும். சோற்று அடுக்கில் இரண்டு கை மிச்சம் இருக்கும், குழம்பு கொஞ்சம் இருக்கும். கிழங்கு அடுக்கு மட்டும் வழித்துத் துடைத்த மாதிரி இருக்கும். அதைத் திறந்து பார்ப்பதுதான் சுபத்ராவுக்கு ஒரு நாளின் கூலி.

வேறென்ன கூலி கிடைத்தது அவளுக்கு? ஐயாத்துரை கெட்ட மனுஷன் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, கை நீட்டியது கிடையாது. கூடவே பேச்சும் கிடையாது. காலையில் "போய்ட்டு வாரேன்", சாயங்காலம் "பால் வந்துச்சா", அவ்வளவுதான். வத்தல் வியாபாரத்தில் நாளெல்லாம் தும்மி, விலை பேசி, தொண்டை வறண்டு வருகிறார் பாவம் என்று அவளும் விட்டுவிடுவாள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வாட்டி, 'நல்லா இருக்கு சுபத்ரா' என்று சொல்லிவிட மாட்டாரா என்றிருக்கும். சொன்னால் என்ன, வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? சரி, வாய்தான் சொல்லவில்லை, காலி அடுக்கு சொல்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொள்வாள். அப்படியே ஒன்பது வருசம் போனது.

எண்பத்தெட்டாம் வருசம், ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், இருளாண்டியின் பெண்டாட்டி வெள்ளைத்தாய் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா. ஒங்க கெழங்கு வறுவலு எப்பிடி வைக்கிறீக? எங்க வீட்டு ஆளு என் உசுர எடுக்காரு. நான் வச்சா, 'இது கெழங்கா, களியா? மொதலாளி வீட்டுக் கெழங்கு தின்ன வாய்க்கு இதெல்லாம் எறங்குமா'ன்னு தட்ட நகட்டுறாரு."

சுபத்ராவுக்கு முகம் பூரித்துவிட்டது. "என்னைக்காச்சும் மிஞ்சியிருக்கும், குடுத்திருப்பாக."

"என்னைக்காச்சுமா? தெனமும்ல! கேரியரத் தொறந்த ஒடனே 'ஏலே இருளாண்டி, இந்தா'ன்னு மொத அடுக்க நீட்டிருவாகளாம். மொதலாளிக்குக் கெழங்கு வாய்வாம், தொட்டாலே நெஞ்சக் கரிக்குமாம். கல்யாணத்துக்கு முன்ன இருந்தே ஆகாதாம். ஒங்ககிட்டச் சொல்லிறாதன்னு வேற..."

வெள்ளைத்தாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வானொலியில் ஏதோ ஒரு குழந்தையைப் பல்லாண்டு வாழ்கவென்று யாரோ வாழ்த்தினார்கள். சுபத்ரா எழுந்துபோய் அதை அணைத்தாள்.

"தட்ட நகட்டுனா நீ என்ன செய்வே?" என்று கேட்டாள்.

"நானா? 'நாளைக்கு நீரே பொங்கித் தின்னும்'பேன். அவரு ரெண்டு வைவாரு, நான் நாலு வைவேன். பெறகு ரெண்டு பேரும் சிரிச்சுக்கிருவோம். வேற என்னத்தச் செய்ய?"

சுபத்ராவுக்கு வந்தது பொறாமைதான், வேறொன்றும் இல்லை. ஆனாலும் வந்தவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து கிழங்கு எடுத்தாள். தோலோடு, உப்புப் போட்டு முக்கால் வேக்காடு வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு உரித்தாள். "சூட்டோட உரிச்சா ஒடஞ்சிரும். அவசரம் ஆகாது." பெரிய துண்டுகளாக நறுக்கி, வத்தல்பொடி, மஞ்சள், தட்டிய பூண்டு, சோம்பு எல்லாம் பிசறி ஊறவைத்தாள். தோசைக்கல்லில் கடலை எண்ணெய் விட்டு, கறிவேப்பிலை பொரிந்ததும் துண்டுகளைப் பரப்பினாள். "கரண்டியத் தொடாத. நீ கிண்டுறதுனாலதான் களியாகுது. அடிப்பக்கம் மொறுமொறுன்னு செவந்த பெறகுதான் பொரட்டணும்." வீடெல்லாம் மணந்தது. வெள்ளைத்தாய் ஒரு துண்டை எடுத்து ஊதி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "யாத்தே, என்னா ருசி!" என்றாள். சுபத்ரா திரும்பி நின்று அடுப்பைத் துடைத்தாள்.

வெள்ளைத்தாய் போன பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு சோடாக் கடைக்குப் போவது. தலையணைக்கடியில் எப்போதும் இருக்கும் ஓமப் பொட்டலம். இலையிலோ தட்டிலோ கிழங்கை மட்டும் முதலில் முடிப்பது. கசப்பு மருந்தை முதலில் விழுங்கித் தொலைப்பது போலத்தான் அந்த மனுஷன் மறுவீட்டில் விழுங்கியிருக்கிறார். அட பாவமே, அதைப் போய்ப் பிரியம் என்று நினைத்து ஒன்பது வருசம் ஊட்டியிருக்கிறாள்.

மாமியாரின் நெற்றித் தழும்பும் நினைவுக்கு வந்தது. குழம்பில் உப்புக் கூடிப்போனதென்று மாமனார் விட்டெறிந்த பித்தளைத் தட்டு விழுந்த இடம். "அதப் பாத்த நாள்லருந்து எம் மகன் சோத்துல கொற சொன்னதே இல்ல. மண்ண அள்ளி வச்சாலும் சத்தமில்லாமத் தின்பான். நீ குடுத்து வச்சவ" என்று அந்த மகராசி சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு சுபத்ராவும் அப்படித்தான் நம்பினாள்.

அன்று சாயங்காலம் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஒங்களுக்கு என்ன காய்ங்க பிடிக்கும்?" என்று கேட்டாள்.

"எதுன்னாலும் சரிதான்."

"பிடிக்காதது?"

"அப்பிடி ஒண்ணும் இல்ல. பால் வந்துச்சா?"

கடையில் மூட்டை தூக்குகிறவனுக்குத் தெரிகிறது, அவன் பெண்டாட்டிக்குத் தெரிகிறது. கட்டினவளுக்குத் தெரியக் கூடாதாம். அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயமும் வந்தது. இந்த மனுஷனோடு சாகிற வரைக்கும் இருந்தாலும் இவர் யாரென்று தெரியாமலே போய்விடுவோமோ என்ற பயம். பாராட்டு வேண்டாம் என்று தோன்றியது. ஒரு ஏச்சுப் போதும். 'ச்சீ, என்ன கருமம் இது, வாயில வைக்க முடியல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வறுவலுக்குப் பிசறும்போது கல்லுப்பை அள்ளினாள், போட்டாள். மறுபடியும் அள்ளிப் போட்டாள். மூன்றாம் தடவையும் போட்டாள். மற்றபடி பொன்முறுவலாக, கண்ணைப் பறிக்கும்படிதான் வந்திருந்தது வறுவல்.

தட்டை வைத்துவிட்டு, என்றைக்கும் இல்லாத வழக்கமாக எதிரிலேயே உட்கார்ந்தாள். ஐயாத்துரை கிழங்கை முதலில் எடுத்தார். வாயில் போட்டார். தாடை ஒரு நொடி நின்றது. சுபத்ரா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்க, சொல்லுங்க என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தட்டை விட்டெறிந்தாலும் பரவாயில்லை, தழும்பு விழுந்தாலும் விழட்டும்.

தாடை மறுபடி அசைந்தது. விழுங்கினார். அடுத்த துண்டை எடுத்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது, அதோடேயே தின்றார். தட்டில் கிழங்கு தீர்ந்ததும் அவள் இன்னொரு கரண்டி வைத்தாள். அதையும் தின்றார்.

"எப்பிடி இருக்கு?" குரல் உடைந்துதான் வந்தது. ஒன்பது வருசத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் தடவை.

ஐயாத்துரை செம்புத் தண்ணீரை அண்ணாந்து கடகடவென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்து, என்ன நினைத்தாரோ, லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

"நல்லா இருக்கு சுபத்ரா" என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு சோடாக் கடைக்குப் புறப்பட்டார். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் சுபத்ரா அசையவில்லை. பிறகு அழுதாள். யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று சத்தமாகவே அழுதாள்.

அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, மிஞ்சிய வறுவலைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினாள். எந்நேரமும் அங்கே எச்சில் சோற்றுக்குக் காத்துக் கிடக்கும் செவலை நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. ஒரு துண்டைக் கவ்வியது. உடனே துப்பிவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்து ஒரு குரைப்புக் குரைத்துவிட்டு விலகிப் போனது.

"நீயாச்சும் சொன்னியே" என்றாள் சுபத்ரா.